கண் எரியாத காலை

வேலை முடிந்து எல்ஆர்டி ரயிலில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரைக்கும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கெட்டுப்போன நெய் வாடை. தலைக்குக் குளித்தாலும் லேசில் போகாது. அதுதான் பியூட்ரிக் அமிலம். சாக்கடைச் சேற்றிலிருந்து நாங்கள் எடுக்கப் பார்த்த சரக்குகளில் ஒன்று.

கோலாலம்பூர் பந்தாயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நிலத்தடியில் வைத்து மேலே பூங்கா போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேறொரு நிலையத்தின் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, 35 டிகிரியில் ஓடும் ஒரு சோதனைத் தொட்டி.

காற்றுப் புகாத தொட்டியில் சேற்றை விட்டால் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அசிட்டிக், புரொப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக்கும். அடுத்த கூட்டம் அதைத் தின்று மீத்தேன் விடும். மீத்தேனை எரித்தால் மின்சாரம், சரி. அமிலமாகவே பிடித்துவிட்டால் மக்கும் பிளாஸ்டிக் உண்டாக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி. இல்லையென்றால் நைட்ரஜன் நீக்கும் தொட்டியில், காசு கொடுத்து வாங்கும் மெத்தனாலுக்குப் பதிலாக ஊற்றலாம். எனக்குப் பிடித்தது இந்த ஊற்றுகிற வழிதான்; அமிலத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டாம். அசிட்டிக் அமிலம் கொதிப்பது 118 டிகிரியில்; காய்ச்சிப் பிரிக்கப் போனால் முதலில் தண்ணீர் மொத்தத்தையும் ஆவியாக்க வேண்டும்.

ஆக, புளிக்க வைப்பது பெரிய வேலை இல்லை, பாதியில் நிறுத்துவதுதான் வேலை. பொங்கிய மாவை ஃப்ரிட்ஜில் வைக்கிற மாதிரி. எங்கள் ஃப்ரிட்ஜ் காஸ்டிக் சோடா. அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு 10-ல் நின்றால் மீத்தேன் கூட்டம் முடங்கிவிடும், சேறும் நன்றாகக் கரையும்.

திரையில் 10.0 என்று இரண்டு வாரம் ஆடாமல் நின்றது. எனக்கு அதில் பெருமை வேறு.

ஒரு திங்கட்கிழமை, சேற்று மாதிரி எடுக்க மூடியைத் திறந்தபோது, அங்கேயே பல வருடம் ஊறிய அண்ணன், "என்ன தங்கச்சி, இன்னிக்குக் கண்ணே எரியல?" என்றார். பிஎச் 10-ல் சேற்றின் அம்மோனியா வாயுவாகக் கிளம்பி மூக்கைப் பிடுங்க வேண்டும். அன்று ஒன்றுமில்லை. பிஎச் தாளைத் தோய்த்தேன். ஏழுக்குக் கொஞ்சம் மேல்.

பிஎச் அளக்கும் புரோபைக் கழற்றினால் கண்ணாடி நுனியில் மெழுகு மாதிரி கொழுப்புப் படலம். அது பழைய 10.0-ஐயே காட்ட, காஸ்டிக் பம்பும் சும்மா இருந்திருக்கிறது. வாயுப் பை தலையணை போல உப்பியிருந்தது. அத்தனையும் மீத்தேனாகிப் போன எங்கள் அமிலம். வெள்ளிக்கிழமையே பார்த்தேன், வெயிலுக்கு உப்பியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"அலாரம் அடிக்கலையா?" என்றார் மேலாளர். 10.0 காட்டும்போது எது அடிக்கும்?

அப்புறம் வாரம் இரண்டு முறை புரோபைக் கழுவினோம். பதிவேட்டில் ஒரு கட்டமும் சேர்த்தேன்: 'கண் எரிச்சல் – உண்டு, இல்லை'. மேலாளர் சிரித்தார். அண்ணன் தினமும் தவறாமல் நிரப்பினார்.