கீழ்வீட்டு டிரங்க் கால்

நவம்பர் 3, 2024

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்த மாடி போர்ஷனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வேலை சென்னைக் கம்பெனிக்கு, செய்வது இங்கே ஜன்னலோரம். கீழே வீட்டுக்கார ஆயா தனியாக இருக்கிறார், வயது 78. வெளிநாட்டில் இருக்கும் மகன் தினமும் இரவு எட்டரைக்கு வீடியோ காலில் வருவார். ஸ்பீக்கர் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். "சாப்ட்டியாம்மா? மாத்திரை போட்டியா? கதவைப் பூட்டினியா?" மூன்றுக்கும் ஒரே "ம்". அவ்வளவுதான். நல்ல பிள்ளைதான், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் இதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, விசாரிப்பு. (பண்ருட்டியில் இருக்கிற அப்பாவிடம் நானும் இதே மூன்றைத்தான் கேட்கிறேன் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.)

இன்று கேசரி எடுத்துக்கொண்டு கீழே போனேன். அரை மணி நேரம் நான் மட்டும் பேசினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே மேலே வந்தேன்.

நவம்பர் 10

போனமுறை மாதிரி ஆகக் கூடாதென்று கேள்விகளை யோசித்து வைத்துக்கொண்டு போனேன். சின்ன வயசில் எந்த ஊர், கல்யாணம் எப்போது, அந்தக் காலத்தில் பொங்கல் எப்படி. நாலாவது கேள்வியில் நிறுத்தினார். "ஏம்மா, சென்சஸ் எடுக்க வந்திருக்கியா?"

நியாயம்தான்.

நவம்பர் 17

என் மடத்தனத்தை எழுதி வைக்கிறேன். ஆயாவுக்கு வலது காது சரியாகக் கேட்காது. நான் இரண்டு வாரமும் அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்று அதில் துணி மடித்து வைத்திருந்தது, எதிரே மோடாவில் உட்கார்ந்தேன். பளிச்சென்று பதில் வருகிறது!

அப்புறம் தேடிப் படித்தேன். வயதானால் முதலில் மங்குவது கீச்சு ஒலிகள்தானாம். அதனால் ச, ஸ மாதிரி எழுத்துகள் கரைந்துபோகும். கத்தினால் சத்தம் கூடுமே தவிர சொல் தெளியாது. முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேச வேண்டும். நானோ பக்கவாட்டில் இருந்து கீச்சுக் குரலில் வேகவேகமாகப் பொரிந்திருக்கிறேன்.

"ஹெட்போன் மாட்டின காது" என்றார். அப்போதுதான் தெரிந்தது, ஆயா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர்.

நவம்பர் 24

இன்று கேள்வி எதுவும் கொண்டுபோகவில்லை. ஆயாவே ஆரம்பித்தார். கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே 1960லேயே எஸ்.டி.டி. (வெளியூருக்கு நாமே நேராக டயல் செய்வது) வந்துவிட்டது, ஆனால் நம் பக்கம் ஆபரேட்டர் மூலம் வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று ரகம். அவசரத்துக்குத் தகுந்த காசு. குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்றால் பி.பி. கால். மூன்று நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே புகுந்து, நீட்டிக்கவா என்று கேட்க வேண்டும்.

"ஒட்டுக் கேக்கக் கூடாது. ஆனா காதுல விழும் இல்ல? ராத்திரி ஷிஃப்ட்ல லைட்னிங் வந்துச்சுன்னா பாதி சாவுச் சேதிதான். மூணு நிமிஷம் ஆயிடும், அந்தப் பொண்ணு அழுதுனே இருக்கும். எப்படிம்மா குறுக்க பேசறது?" என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் லேட்டா பாப்பேன் கடிகாரத்த."

பதிலுக்கு நான் என் பங்குச் செய்தியைச் சொன்னேன். பிரிட்டனில் 2018இல் தனிமைக்கென்றே ஒரு மந்திரியை நியமித்தார்கள். "மந்திரியா! அவரு வந்து ஒக்காந்து பேசுவாராமா?" நெதர்லாந்தில் தெவென்தர் என்கிற ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, அங்கே மாணவர்கள் வாடகை இல்லாமல் தங்கலாம், பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் பெரியவர்களோடு இருக்க வேண்டும் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வாடகையக் குறைக்க முடியாது."

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையேறியிருக்கிறது. சாயங்காலமே கரண்ட் போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் டவரும். மெழுகுவர்த்தியோடு கீழேயே இருந்துவிட்டேன். எட்டரைக்கு மகனின் கால் வரவில்லை. ஆயா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லைன் டெட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது, டியூட்டிக் குரல்.

தானே புயல் கதை சொன்னார். 2011 டிசம்பர் 30. பலா, முந்திரியெல்லாம் வேரோடு சாய்ந்தது. கரண்ட் வர நாளானதால் தெருவே திண்ணைக்கு வந்துவிட்டதாம். "அந்தப் பத்து நாள் யாரும் தனியா சாப்பிடல." சொல்லிவிட்டு, அதில் சந்தோஷப்பட்டது தப்போ என்பது போல என்னைப் பார்த்தார்.

டிசம்பர் 4

தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு நின்றது. ஆற்றோரம் இருப்பவர்கள் பாடு மோசம். பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் இரண்டு நாளாக ஆயா வீட்டிலேயே கிடக்கிறான். 'டிரங்க் கால்' விளையாட்டு. அவன் நம்பர் சொன்னால் ஆயா "லைன் பிஸி" என்பார். அவன் "லைட்னிங் போடுங்க" என்பான். காசு புளியங்கொட்டை. ஆயா அவனை ஏமாற்றுகிறார், நானே பார்த்தேன்.

டிசம்பர் 15

இரண்டு நாள் லீவில் பண்ருட்டி. அப்பாவிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்காமல், ஸ்கூட்டர் ஏன் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று கேட்டேன். கார்புரேட்டரில் ஆரம்பித்தவர் இன்னும் முடிக்கவில்லை.

நடுவில் போன் அடித்தது, ஆயா. அவராக என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. மாடிக் குழாயை மூடாமல் போயிருக்கிறேன், டேங்க் காலி. பதினோரு நிமிடம் திட்டினார். கடைசியில், "நாளைக்கு பிளம்பர் வரான். கூட காசு கேப்பான், எனக்கு அவன்கிட்ட வாய் கொடுக்க முடியாது. மொத பஸ்ஸப் புடிச்சு வந்து சேரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.