பிளஸ் டூ பிள்ளைகள் சுமக்கும் கடன்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். பிள்ளைகள் பதற்றத்தில் சோர்ந்துபோவதை ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடம் இல்லை’ என்று பேசி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அவர்களை அழுத்துவதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிறது.

நீட் பயிற்சிக்காகவோ விடுதிப் பள்ளிக்காகவோ நகையை அடகு வைத்த வீடுகள் என் வகுப்பில் பல உண்டு. ‘உனக்காகத்தான் செய்தோம், நீ படித்தால் போதும்’ என்று பெற்றோர் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வட்டி ஏறுவதைப் பற்றி அடுத்த அறையில் நடக்கும் பேச்சையும் கேட்டபடி படிக்கும் பிள்ளைக்கு, ஒவ்வொரு மாதிரித் தேர்வும் அந்தக் கடனுக்குத் தான் கட்டத் தவறிய தவணையாகவே தோன்றுகிறது. முதல் முறை இடம் கிடைக்காமல் மறுபடி நீட் எழுதுபவர்களின் நிலை இன்னும் கடினம். நண்பர்களெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு, அவர்களுக்குப் பேச்சுத்துணைகூட இருப்பதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு அச்சம் வேறு விதமானது. மதிப்பெண் குறைந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்பதை அறிந்தே, பாத்திரம் துலக்கி, தம்பி தங்கையரைக் கவனித்த பிறகு அவர்கள் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. அது நல்ல முடிவு. ஆனாலும் பள்ளி வாசல்களின் பிளெக்ஸ் பேனர்களிலும், ‘எத்தனை மார்க்?’ என்ற உறவினர்களின் விசாரிப்பிலும் அந்தப் பட்டியல் இன்றும் வாழ்கிறது.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதின்பருவத்தில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் தேவை. இரவு பதினொன்று வரை விழித்திருந்தவரை விடியற்காலை நான்கரைக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்பினால், அவர் எரிந்து விழுவதைத் திமிர் என்று எப்படிச் சொல்வது?

2022-இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ஐ வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறேன். எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். அதைக் குறித்துக்கொள்ளும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘வீட்டுக்குத் தெரியுமா டீச்சர்?’ என்பதுதான். அதனால் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுப்பதற்கு முன், கடன் பேச்சைப் பிள்ளையின் காதில் விழாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுக்கொள்கிறேன்.