மங்கையர்க்கரசியாரும் அந்தக் கடைசிப் பத்தியும்

"பாண்டியன் மனம் மாறியதற்கு அந்த அம்மாவுக்குப் பேர் கொடுங்க சார். கழுமரத்துக்கும் அவங்கதானா?"

அரசியர் தொடரில் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரைப் பற்றிய என் கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில் இதழாசிரியர் கேட்டது இது. மதுரையில் சமணர் கழுவேறியதை அரசியோடு சேர்த்துச் சொல்லும் கடைசிப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. இதழ் வந்து மாதங்கள் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என் பக்க நியாயம் இதுதான். சமணம் தழுவியிருந்த பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறனின் அரண்மனையில் சைவத்தைக் காத்து நின்றவர் அவர். அமைச்சர் குலச்சிறையாரோடு சேர்ந்து சிறுபிள்ளையான சம்பந்தரை மதுரைக்கு அழைத்தவரும் அவரே. அரசனின் வெப்புநோய், அதைத் தீர்த்த 'மந்திரமாவது நீறு' பதிகம், ஏடுகளைத் தீயிலிட்ட அனல்வாதம், வைகையை எதிர்த்துப் போன ஏடு எல்லாம் அந்த அழைப்பில் தொடங்கியவை. 8,000 சமணர் கழுவேறியதையும் பெரியபுராணத்தில் சேக்கிழார் அதே வரிசையில்தான் பாடுகிறார். அவர் பாடியது 12ஆம் நூற்றாண்டில். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. கழுவேற்றம் நடக்கவே இல்லை என்னும் ஆய்வாளர்கள் உண்டு. சரி, ஏடு எதிர்த்துப் போனதற்கு மட்டும் என்ன சான்று வைத்திருக்கிறோம்?

ஆனால் சேக்கிழாரைத் திரும்பப் படித்தால் உறுதி தளர்கிறது. தாம் தங்கிய மடத்தில் சமணர் வைத்த தீ பாண்டியனிடம் 'பையவே', அதாவது மெதுவாக, செல்லட்டும் என்று சம்பந்தர் பாடினார் அல்லவா? ஏன் பையவே என்பதற்குச் சேக்கிழார் சொல்லும் முதல் காரணம், பாண்டிமாதேவியின் மங்கல நாண். அவையில் சமணர் சூழ்ந்தபோது அந்த அம்மா பதறியது, வந்திருந்த சின்னப் பிள்ளைக்காக. 'பானல்வாய் ஒரு பாலன் ஈங்கிவன் என்று நீ பரிவெய்திடேல்' என்று பிள்ளையே தேற்ற வேண்டியிருந்தது. இப்படி இன்னொரு உயிருக்காக நடுங்கியவரைக் கழுமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தலாமா? ஆணையிட்டவன் அரசன், நிறைவேற்றியவர் குலச்சிறையார்.

அப்புறம் அடுத்த இதழுக்குக் கோசலத்து அரசி மல்லிகை. தீக்கனவுகளுக்குப் பயந்து பெரும் பலிவேள்விக்கு ஏற்பாடு செய்த தன் கணவன் பசேனதி மன்னனை, புத்தரிடம் போய்க் கேட்கச் சொன்னவர். வேள்வி நின்றது. பிழைத்த உயிர்களை மல்லிகையின் கணக்கில் எழுத எங்கள் இருவருக்குமே தயக்கம் வரவில்லை. அப்படியானால் மதுரையில் போனவை யார் கணக்கு என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

"மல்லிகை கேட்டுக்கொண்டது நடந்தது. கழுவேற்றச் சொல்லி இவங்க கேட்டாங்களா?"

கேட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. தடுத்ததாகவும் சொல்லவில்லை. தொடர் நூலாகும்போது அந்தப் பத்தி இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். அதில் அரசியின் பெயர் வர வேண்டுமா என்பதில்தான் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.