பின்காற்று

"அப்பா, முன்பாய் மறுபடியும் துவள்கிறது" என்றாள் சுக்கான் பிடித்திருந்த மகள்.

அமெரிக்காவின் அன்னாபொலிஸிலிருந்து வடக்கே, செசபீக் வளைகுடாவின் பெரிய பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். முதுகில் தென்றல்.

காற்று நேர் பின்னாலிருந்து வந்தால் பெரிய பாய் முன்பாயை மறைத்துவிடும். அது தொங்கும், படாரென நிமிரும், மீண்டும் தொங்கும். அந்த அடியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்றுதான் புது விஸ்கர் போலை மாட்டினேன். முன்பாயை மறுபக்கம் விரித்துத் தாங்கும் கோல்.

எங்கள் 22 அடிப் படகில் பாய்மரத்திலிருந்து அதை முன்னால் தாங்கும் கம்பி வரை 8 அடி. அந்த நீளக் கோல் ஜிப் என்னும் சிறிய முன்பாய்க்குப் போதும், ஜெனோவா என்னும் பெரிய முன்பாய்க்கு எட்டாது. அதனால் 12 அடி வரை நீளும் அலுமினியக் கோல். கார்பன் இலகுதான், இந்தச் சின்னப் படகுக்கு அந்த விலை வேண்டாம்.

பாயின் மூலையில் அல்ல, பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றில்தான் கோலின் வாயைக் கவ்வவிட வேண்டும். கயிறு அதற்குள் தாராளமாக ஓடும். திடீரெனக் காற்று வலுத்தால் பாயைத் தளர்த்திவிடலாம். பிறகு கோலை மேலிருந்து தாங்கும் கயிறு. கோலை வெளியே தள்ளி, அடிமுனையைப் பாய்மரத்தின் வளையத்தில் மாட்டினேன்.

'க்ளிக்.'

எதிர்காற்றில் எப்போதும் விழிப்பாக இருக்கிறோம். துணைக்காற்றுக்குத்தான் இவ்வளவு கட்டுமானம் தேவைப்படுகிறது.

இருபுறமும் பாய் விரிந்தது. படபடப்பு நின்றது. மகள் எதுவும் பேசவில்லை. சுக்கானை மட்டும் இன்னும் மெதுவாகப் பிடித்தாள்.