பனி விலகும்வரை

பிப்ரவரி 9

நம்முடைய கோடை வேறு, அவர்களுடைய கோடை வேறு என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதம். ஸ்விட்சர்லாந்தில் அப்பா பார்க்க ஆசைப்படும் பிரியென்ஸ் ரோட்ஹோர்ன் மலை ரயிலோ, தண்டவாளத்தின் மேல் கிடக்கும் பனியை அள்ளி முடித்த பிறகு, ஜூனில்தான் உச்சிவரை ஓடத் தொடங்குகிறது. மேயில் போனால் ரயில் இல்லை, ஜூனில் போனால் இங்கே பள்ளி திறந்துவிடும். "மேயிலேயே போய்விடலாம், ரயில்தானே, அங்கே எத்தனையோ ஓடுகின்றன" என்று இவர் சொன்னார். அப்பா மறுப்பேதும் சொல்லாமல் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 11

ஜூன்தான்.

பிப்ரவரி 23

பயணத் திட்டத்திலிருந்து வியன்னாவை அடித்துவிட்டேன். பத்து இரவுகளில் மூன்று நாடுகளைத் திணித்தால் பெட்டியைத் தூக்குவதைத் தவிர வேறொன்றும் செய்திருக்க மாட்டோம். சூரிச்சில் இறங்கி லூசர்னில் இரண்டு இரவு, பிரியென்ஸ் ஏரிக்கரையில் மூன்று, கூர் நகரில் ஒன்று. அங்கிருந்து பெர்னினா ரயிலில் மலையைத் தாண்டி இத்தாலியின் திரானோ, பிறகு கோமோ ஏரிக்கரையில் உள்ள வரென்னாவில் இரண்டு, கடைசியாக மிலானில் இரண்டு என்று ஒரு வழியாக வரைந்து முடித்தேன். மாலையில் இவர் வெனிஸுக்கு ஆசைப்பட்டு மூன்று இரவுகளைச் சேர்த்தார். அதோடு இத்தாலியின் கணக்கு ஏழாகி ஸ்விட்சர்லாந்தின் ஆறை முந்திவிட்டது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, கேட்க வேண்டும் என்பதால், நிரப்பி வைத்த படிவங்கள் எல்லாம் வீணாகும் என்று விளக்கினேன். வெனிஸ் போயிற்று. இவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும் உள்ளூர வருத்தம்தான்.

மார்ச் 4

இதய மருத்துவரிடம் அப்பாவை அழைத்துச் சென்றேன். ஸ்டென்ட் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் என்று எல்லோரும் போகிற யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டரில் இருக்கிறது, போகலாமா என்று கேட்டதற்கு, எழுபத்திரண்டு வயதில் ஒரே காலையில் அவ்வளவு உயரம் ஏற வேண்டாம் என்றார். ரோட்ஹோர்னின் மேல் நிலையம் 2,244 மீட்டர் என்றேன். மருத்துவர் யோசிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "அது ஊட்டி உயரம்தான் டாக்டர். ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன்" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டார். திரும்பும்போது ஆட்டோவில் அப்பா வழக்கத்துக்கு மாறாகப் பாட்டு முணுமுணுத்தார்.

மார்ச் 16

அப்பா சாப்பாட்டு மேசையில் இரண்டு சீப்புகளை அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வரும்படி நகர்த்தி, மகளுக்கு ஆப்ட் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். மலை ரயில் ஏறுவதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசைகளைப் பதிக்கும் முறை, ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்தது. பற்கள் முன்பின்னாக அமைந்திருப்பதால் எப்போதும் ஏதாவதொரு பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், வண்டி வழுக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரை போட்ட பாதையிலும் அதே பல்தான், பிரியென்ஸில் 1892-இல் போட்ட பாதையிலும் அதே பல்தான். நம் நீலகிரியின் பழைய எஞ்சின்கள் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. பிரியென்ஸ் எஞ்சின்களும் அங்கேதான் பிறந்தன. அப்பா ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஊட்டி ரயிலுக்காக அவர் வேலை பார்த்த திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலேயே புதிதாக நீராவி எஞ்சின்கள் செய்தார்கள். அவர் பற்சக்கரம் பொருத்தும் குழுவில் இருந்தார். பணிமனையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியவரில்லை. எனக்கே இதில் பாதி இன்றுதான் தெரியும்.

பெர்னினா பாதையில் பல்லே கிடையாது, நூற்றுக்கு ஏழு மீட்டர் ஏற்றத்தை வெறும் சக்கரத்தால் ஏறுகிறது என்று நான் படித்ததைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "மின்சாரம் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம்" என்றார்.

மார்ச் 17

இரண்டு சீப்பையும் காணவில்லை.

ஏப்ரல் 2

விசாவுக்கு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு, ஓய்வூதிய ஆணை, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. அப்பாவுக்கு மட்டும் காப்பீட்டுத் தொகை எங்கள் நால்வருக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். அதிலும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மிலானில் லியனார்டோவின் கடைசி விருந்து ஓவியத்தைப் பார்க்கப் பதினைந்தே நிமிடம்தான் அனுமதி, அதற்கும் நாங்கள் போகிற நாளில் சீட்டு இல்லை. மகனுக்கு மகிழ்ச்சி; அந்த நேரத்தில் சான் சீரோ கால்பந்து மைதானம் பார்க்கலாமாம்.

ஏப்ரல் 17

சென்னை. இரவு மலைக்கோட்டை வண்டியில் திரும்பும்போது இதை எழுதுகிறேன்.

விண்ணப்ப மையத்தில் எங்கள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகாததால் கைரேகையே கேட்கவில்லை. அப்பாவின் விரல்களை மட்டும் கருவி ஏற்க மறுத்தது. நான்கு விரலைச் சேர்த்து வைத்தார், ஒவ்வொன்றாக வைத்தார், ஈரத்துணியால் துடைத்து வைத்தார். அந்தப் பெண் களிம்பு தடவி அழுத்திப் பிடித்தும் பார்த்தாள். எனக்கு இது புதிதன்று. ரேஷன் கடையில் அவர் ரேகை விழாது, ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்று கொடுக்கும்போதும் விழாது. முப்பத்தெட்டு ஆண்டுகள் அரத்தையும் இரும்பையும் பிடித்த விரல்கள். ஆனால் அங்கெல்லாம் தெரிந்த முகம் ஒன்று இருக்கும், "பெரியவர்தானே, கையெழுத்துப் போடுங்கள்" என்று விட்டுவிடும். இங்கே வரிசை நீண்டது, மேலாளர் வந்தார், கடைசியில் ஏதோ ஒரு குறிப்பை எழுதி உள்ளே அனுப்பினார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்பா இரண்டு கைகளையும் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஏப்ரல் 18

கேட்டிருக்க வேண்டும், உரக்கவே கேட்டிருக்க வேண்டும்.

மே 6

நான்கு கடவுச்சீட்டுகள் வந்தன. நான்கிலும் விசா.

மே 7

சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள், நாற்பத்தைந்து நாள்வரை நீளவும் விதி இடம் கொடுக்கிறது. ஏப்ரல் 17-லிருந்து எண்ணினால் ஜூன் 1. எங்கள் விமானம் ஜூன் 8. இந்தக் கணக்கை இன்று ஆறு முறையாவது போட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அதே ஏழு நாள்தான் மிஞ்சுகிறது.

மே 15

"நீங்கள் நால்வரும் போய்வாருங்கள், எனக்குப் படம் எடுத்து அனுப்பு" என்று காலையில் சொன்னார். நான் கோபப்பட்டு, சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். அவரில்லாமல் பிரியென்ஸுக்கு எதற்குப் போக வேண்டும்? அந்த மூன்று இரவுகளையும் அவருக்காகத்தானே போட்டேன். மதியம் பருப்புப்பொடி இடித்தேன், ஐந்து பேருக்கான அளவில்.

மே 21

நிலவரம் மாறவில்லை: பரிசீலனையில். பிரியென்ஸிலிருந்து இன்று காட்டும் நேரலைப் படத்தில் மேல் நிலையத்தின் ஒரு பக்கக் கூரையில் பனி இல்லை.

மே 27

பிரியென்ஸ் அறைகளை ரத்து செய்ய இன்றே கடைசி நாள்; நள்ளிரவு தாண்டினால் பணம் திரும்பாது. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை. முடிவை என்னிடமே விட்டுவிட்டு இவர் பத்து மணிக்கே படுத்துவிட்டார். இப்போது மூன்று இருபது. அப்பாவின் அறையில் விளக்கு எரிகிறது, இருமல் சத்தமும் கேட்கிறது.