சுண்ணாம்பில் இருக்கிறது சூட்சுமம்

மாசி பிறந்ததும் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பனம்பாளை சீவ ஆரம்பித்துவிடுவார்கள். ஆடி வரை ஓடும். ஒரே மரம், ஒரே பாளைதான். கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால், தொழிலைச் சட்டத்துக்குள் நிறுத்தி வைப்பதும் இந்தச் சுண்ணாம்புதான்.

பீர் காய்ச்சுபவர் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றைக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, புளிக்கவைக்கத் தனக்குப் பிடித்த ஈஸ்ட்டைச் சேர்ப்பார். பனை உச்சியில் அடுப்பு மூட்ட முடியுமா? காற்று, ஈ, எறும்பு, பழைய கலயத்தின் மண் துளை என்று எல்லா வழியிலும் ஈஸ்ட் தானாகவே வந்து இறங்கும். சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. வெயில் ஏறினால் சில மணி நேரத்திலேயே நுரை கட்டிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றி ஈஸ்ட்டை முடக்கிப் போடுகிறது.

நீற்றிய சுண்ணாம்பை தோசைமாவுப் பதத்தில் கரைத்துக் கலயத்தின் உட்புறம் பூச வேண்டும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அடி வண்டலைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுவதே சரி. பழைய வண்டலின் மேலேயே பூசுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஈஸ்ட் குடியிருப்பதே அங்கேதான். பூச்சு குறைந்தால் சர்க்கரை உடைந்துபோய்க் கருப்பட்டி கட்டாது, பிசுபிசுக்கும். கூடினால் கறுத்து, நாக்கில் சுண்ணாம்புக் காரல் நிற்கும்.

பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்திய பிறகு, காலை மாலை இரு வேளையும் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு வேளை விட்டாலும் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இறக்கிய பதநீரைத் தெளியவைத்து, வண்டல் கலங்காமல் துணியில் வடிகட்டி, அன்று காலையிலேயே தாச்சி என்னும் பெரிய வாணலியில் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். விறகுக்குச் சீமைக்கருவேலத்துக்கு இங்கே பஞ்சமில்லை. நுரை பொங்கினால் ஆமணக்கு முத்தை இடித்துக் கொஞ்சம் தூவினால் அடங்கும். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, விரலில் உருட்ட வந்தால் பதம். அதற்கு முன்பே இறக்கினால் இறுகாது. பின்பு என்றால் தீய்ந்த வாடை வரும். இறக்கியதும் துடுப்பால் நன்றாகக் கிண்டிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். பத்து லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேறும்.

புளித்த பதநீரையும் கட்டவைக்கச் சீனி போடுகிறவர்கள் உண்டு. கட்டும்தான், ஆனால் அதைக் கருப்பட்டி என்று விற்பது அநியாயம்.

கடற்காற்றின் ஈரத்தில் கருப்பட்டி சீக்கிரம் கசியும். ஓலைக் கொட்டானில் அடுக்கி, அடுப்புப் புகை படும் பரணில் வைத்தால் ஐப்பசி மழையையும் தாங்கும்.