கொப்பரைக் களத்து எழுத்து நோட்டு

ஏப்ரல் 27, ஞாயிறு – காங்கேயம்

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில் இன்றைக்குப் பையனிடம் 14 புள்ளியில் தோற்றேன். கடைசிவரை க்யூ (Q) என் கையிலேயே தங்கிவிட்டது. ஆட்டம் முடியும்போது கையில் மிஞ்சிய எழுத்தின் மதிப்பு நம் கணக்கில் கழியும், எல்லா எழுத்தையும் முதலில் இறக்கியவர் கணக்கில் ஏறும். க்யூவுக்கு மதிப்பு 10. எனக்கு 10 போய், அவனுக்கு 10 வந்து, மொத்தம் 20 புள்ளி புரண்டுவிட்டது. அந்த ஒரு எழுத்தை எங்கேயாவது வைத்திருந்தால் ஆட்டம் எனக்குத்தான்.

க்யூவுக்குப் பின்னால் யூ வந்தே தீர வேண்டும் என்று சின்ன வகுப்பில் படித்தது மனதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் இருக்கும் நான்கு யூவும் எப்போதோ பலகைக்குப் போயாகிவிட்டது. அப்புறம் அகராதியைப் புரட்டினேன். முதல் எழுத்து தெரிந்தால்தான் அகராதி வழிவிடும். நடுவிலோ கடைசியிலோ ஒரு எழுத்து வருகிற சொல்லை அதில் எங்கே போய்த் தேடுவது? படுத்த பிறகும் இதே யோசனைதான்.

ஏப்ரல் 29

களத்துக் கணக்கு எழுதிப் பாதி மிஞ்சிய நீள நோட்டு ஒன்று கிடைத்தது. பக்கத்துக்கு ஓர் எழுத்து என்று பிரித்தேன். சொல் எதில் தொடங்குகிறது என்பது எனக்கு வேண்டாம். அந்த எழுத்து உள்ளே எங்கேயாவது இருந்தால் அந்தப் பக்கத்தில் ஏறும்.

முதல் பக்கம் க்யூ. பின்னால் யூ இல்லாமல் வருபவை மட்டும். க்யூ-ஐ: சீனர்கள் உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் உயிர்விசை. ஸ்க்ராபிளில் எந்தச் சொல் செல்லும் என்று சொல்லும் அமெரிக்கப் பட்டியலில் 2006இல்தான் சேர்த்தார்கள். க்யூ-ஏ-டி: ஏமனில் மெல்லும் இலை. எஸ்-யூ-க்யூ: அரபு நாட்டுச் சந்தை, இதில் யூ முன்னால் நிற்கிறது. எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர்: இதை எழுத்துக்கூட்டிப் படித்ததும் சிரித்துவிட்டேன், நம் ஊர்ப் பக்கிரியேதான்!

சீனச் சொல் ஒன்றைத் தவிர மற்றது எல்லாம் அரபி. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஒரு ககரம் அரபியில் உண்டு. அதை ஆங்கிலத்தில் எழுத க்யூவை எடுத்துக்கொண்டார்கள், அந்த ஒலிக்கு யூவின் துணை தேவைப்படவில்லை. இந்தக் காரணம் பிடிபட்ட பிறகு அந்த மூன்று சொல்லும் மனதை விட்டுப் போகவில்லை. வெறும் பட்டியலாகப் படித்திருந்தால் நாளைக்கே மறந்திருப்பேன்.

மே 1

ஜே பக்கம். சொல்லின் கடைசியில் ஜே வருவது ஆங்கிலத்தில் அபூர்வம். வருபவை பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்தோ அரபியிலிருந்தோ போனவை: ராஜ், தாஜ், ஹஜ், ஸ்வராஜ். நாலுமே பட்டியலில் செல்லும்.

மே 4, ஞாயிறு

பையன் நல்ல பாம்பை வைத்தான், கோப்ரா. 9 புள்ளி. அவன் சத்தமாகப் படித்ததைக் கேட்டுக்கொண்டே மாமா (என் மாமனார்) கொப்பரை காயும் களத்திலிருந்து தண்ணீர் குடிக்க வந்தார்.

"என்ன சாமி, கொப்பரையா வெச்சிருக்கற?"

"இல்லீங்க அப்பாரு, பாம்புங்க."

"நம்ம கொப்பரை ஏலச் சீட்டுலயும் இந்த எழுத்துத்தான போட்டிருக்குது? பாரு அம்மணி."

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். ஓர் எழுத்துதான் வேறு. பாம்புக்கு ஆங்கிலப் பந்தில் (பால்) வரும் பி, கொப்பரைக்கு ஆங்கிலப் பேனாவில் (பென்) வரும் பி. இரண்டுக்கும் மதிப்பு மூன்றுதான், ஆக அதுவும் 9. மலையாளத்துக் கொப்பரை போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. வாசலில் இத்தனை மூட்டை காய்ந்து கிடக்க, எனக்கு அது ஓர் ஆங்கிலச் சொல்லாகத் தோன்றவே இல்லையே!

அடுத்த கையில் எனக்கு சி, ஓ, ஐ, ஆர் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் மட்டையை அடித்து நார் எடுக்கிறார்களே, அந்தக் 'காயர்'. நம் கயிறுதான். யோசிக்காமல் வைத்தேன்.

தெரிந்த சொல்லில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்ல தேடல் முறை. இன்றைக்கு அதைக் காட்டிக் கொடுத்தது மாமாதான்.

மே 7

வெயில் தாங்கவில்லை. பானையில் புது வெட்டிவேர் போட்டேன். போடும்போதே கை நின்றுவிட்டது. வி-ஈ-டி-ஐ-வி-ஈ-ஆர்!

வி எனக்கு எப்போதும் தொல்லை. வி உள்ள இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடப் பட்டியலில் கிடையாது, அதனால் இண்டு இடுக்கில் செருக முடியாது. சொல்லின் கடைசியிலும் அனேகமாக நிற்காது, பின்னால் ஓர் ஈ வந்து முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிவேரில் இரண்டு வி. பெட்டியில் இருப்பதே இரண்டு வி. மொத்தம் ஏழு எழுத்து. ஏழையும் ஒரே கையில் இறக்கினால் கூடுதலாக 50. இரண்டு வியும் ஒன்றாகக் கைக்கு வரும் நாள் எப்போதோ தெரியாது, ஆனாலும் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதி வைத்தேன்.

மே 11, ஞாயிறு

நேற்று கொடிவேரி போய் வந்தோம். பவானித் தண்ணீர் அணைமேல் வழிந்து விழ, பையன் தலையைக் கொடுத்து ஒரு மணி நேரம் நின்றான். கரையில் மீன் தின்றுகொண்டே அவனுக்கு ஒன்று சொன்னேன்: வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்கு அணைக்கட்டு என்று வாயில் வரவில்லை, 'அனிகட்' என்று எழுதிக்கொண்டார்கள். கல்லணைக்கும் கிராண்ட் அனிகட் என்றுதான் பெயர்.

இன்று மூன்றாவது கையில் அவன் வெகுநேரம் பேசவில்லை. உயிரெழுத்தை ஒரு பக்கம், மெய்யை ஒரு பக்கம் பிரித்து வைத்துப் பார்த்தான். ஏ, ஐ, யூ. என், சி, டி, எஸ். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். அனிகட்ஸ். ஏழு எழுத்து!

அவனுடைய பள்ளி அகராதியில் அந்தச் சொல் இல்லை. ஆனால் எந்தப் பட்டியல் செல்லும் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். எங்களுக்கு காலின்ஸ் என்ற ஸ்க்ராபிள் சொல்பட்டியல். அதில் இருக்கிறது. எழுத்துக்கு 9, மேலே 50, பலகையில் கூடுதல் மதிப்புள்ள கட்டத்துக்கு உண்டானது தனி.

அவன் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மேற்கே இருட்டிவிட்டது. "அம்மணி, மழை வருது, தார்ப்பாயப் புடிங்க!" என்று மாமா களத்திலிருந்து கத்தினார். பலகையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். என் கையில் இன்னும் ஒரு வி இருக்கிறது.